வாசகர் கேள்வி: ஜார்ஜ் பென்சன் ஜாஸைக் கைவிட்டாரா?

கேள்வி: ஜாஸ் கிட்டார் மேதையான ஜார்ஜ் பென்சன் 1980க்குப் பிறகு பளபளப்பான பாப் பாடல்களின் பக்கம் போய்விட்டார் என்று எங்கள் திருமண இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கும் அண்ணன் வருந்துகிறார். எனக்கோ அந்தப் பாடல்களைக் கேட்டபிறகுதான் அவர்மீது பற்று வந்தது. யார் சொல்வது சரி, ஐயா?
– வாசகர், சுங்கை சிப்புட், பேராக்

பதில்: அண்ணனின் வருத்தத்தில் நியாயம் உண்டு, தம்பி. 1960களில் ஜாக் மெக்டஃபின் ஆர்கன் குழுவில் வாசித்து, 1968இல் புகழ்பெற்ற ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் இசைத்தட்டிலும் இடம்பெற்ற ஒருவர் நடனக்கூடங்களுக்குப் பாடத் தொடங்கினால் ஜாஸ் ரசிகர்களுக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனால், திருப்பம் நேர்ந்தது 1980இல் அல்ல. 1976இல் வந்த 'பிரீசின்' இசைத்தட்டிலேயே அது தொடங்கிவிட்டது. அதில் குரல் ஒலிக்கும் பாடல் ஒன்றே ஒன்றுதான்: 'திஸ் மாஸ்கரேட்'. ஏறத்தாழ எட்டு நிமிடம் நீளும் அந்தப் பாடலின் தொடக்கத்தில், கிட்டாரில் விரல் தொடும் ஒவ்வொரு சுரத்தையும் அதே கணத்தில் அவருடைய குரலும் தொடுகிறது.

அக்காலத்தில் எங்கள் தோட்டத்து லயன் வீட்டில், பால்வெட்டு முடிந்து வந்து அப்பா கண்ணயரும் பிற்பகல்களில், ஒலியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, அந்த ஒரு பகுதியையே திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டேன். கேசட்டின் நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலைச் செருகிச் சுற்றிச் சரிசெய்துவிட்டு மீண்டும் கேட்டேன். குரல் எது, கிட்டார் எது என்று என்னால் பிரிக்க முடியவே இல்லை.

நீங்கள் விரும்பும் வகைப் பாடல்கள் கொண்ட 'கிவ் மீ த நைட்' இசைத்தட்டு 1980இல் குவின்சி ஜோன்ஸின் தயாரிப்பில் வந்தது. தலைப்புப் பாடலை எழுதியவர் ராட் டெம்பர்டன். முந்தைய ஆண்டு மைக்கேல் ஜாக்சனின் 'ஆஃப் த வால்' இசைத்தட்டில் இணைந்து பணியாற்றிய அதே இருவர்தாம். ஒவ்வொரு கருவியும் தனக்குரிய இடத்தில் மட்டும் ஒலித்து ஒதுங்கிக்கொள்ளும் அந்த ஒழுங்கில் நீண்ட தனி வாசிப்புக்கு இடமில்லை என்பது உண்மைதான். ஆயினும், அதே இசைத்தட்டின் 'மூடிஸ் மூட்' பாடலுக்காக, ஜாஸ் பாடகருக்கான கிராமி விருது பென்சனுக்குக் கிடைத்தது. பாடலே இல்லாத 'ஆஃப் பிராட்வே'யும் கிராமி பெற்றது. அண்ணனுக்கு இவ்விரண்டையும் முதலில் போட்டுக் காட்டுங்கள்.

அந்த இசைத்தட்டில் உடன் வாசித்த ஜாஸ் கிட்டார் கலைஞர் லீ ரிட்டனூரும் 1981இல் 'ரிட்' என்ற இசைத்தட்டில், எரிக் டாக் என்பவரைப் பாடவைத்து இதே வழியில் சென்றார்.

ஒன்றில் மட்டும் நான் அண்ணன் பக்கம். 1981இல் வந்த 'டர்ன் யுவர் லவ் அரவுண்ட்' பாடலில் லின் மின்தாள இயந்திரம் ஒலிக்கிறது. ஜாஸில் தாளக்காரர் கிட்டாரின் போக்கைக் கேட்டு இசைந்து வாசிப்பார். இயந்திரம் எதையும் கேட்பதில்லை.

நீங்களும் கிட்டார் பயிற்சி செய்வதாக இருந்தால், பென்சனின் அந்த வழியைப் பழக ஐந்தே சுரங்களை எடுத்துக்கொண்டு, வாசிக்கும் ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் பாடிக்கொண்டே மிக மெதுவாக வாசித்துப் பாருங்கள். விரலுக்கு முன்னால் குரல் ஓடினால் நிறுத்தி, முதலிலிருந்து தொடங்குங்கள்.