ஊர்ப் பள்ளிக்கூடமா, யாழ்ப்பாணமா? வன்னிப் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் கணித ஆசிரியராகவும் பிறகு பிரதி அதிபராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். சாதாரண தரப் பெறுபேறு வந்ததிலிருந்து பெற்றோரும் பிள்ளைகளும் பழைய மாணவர்களும் கேட்டுவரும் கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தாய்: சேர், மகளுக்கு நல்ல பெறுபேறு. உயிரியல் படிக்க ஆசைப்படுகிறாள். சொந்தக்காரர் எல்லாரும் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

தங்கச்சி, முதலில் மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

முடிவெடுக்க முதல் உங்களுக்குக் கிட்டவுள்ள 1ஏபி பாடசாலைக்கு, அதாவது உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைக்கு, நேரே போய் அதிபரைச் சந்தியுங்கள். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றுக்கும் ஆசிரியர் இருக்கிறார்களா? அவர்களில் யாருக்காவது இடமாற்றம் கிட்டுகிறதா? ஆய்வுகூடத்தில் பிள்ளைகள் தங்கள் கையால் செய்முறை செய்கிறார்களா, இல்லை ஆசிரியர் செய்ய எட்டி நின்று பார்க்கிறார்களா? இவ்வளவையும் தயங்காமல் கேளுங்கள்.

இடமாற்றத்தைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பாடசாலைகளில் பல கஷ்டப் பிரதேசப் பட்டியலில் உள்ளவை. வெளியிலிருந்து நியமனம் பெற்று வருபவர்கள், கட்டாய சேவைக்காலம் முடிந்ததும் தங்கள் ஊர்ப் பக்கம் போய்விடுவார்கள். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் பதின்மூன்றாம் ஆண்டின் நடுவில் பௌதிகவியல் ஆசிரியர் போய், அடுத்தவர் வரும்வரை வகுப்பு வெறுமனே கிடந்தால் அந்த இழப்பு பிள்ளைக்குத்தான். புதுக் கட்டடமும் நுழைவாயில் வளைவும் இதை ஈடு செய்யாது.

அடுத்தது இசட் புள்ளிக் கணக்கு, அதாவது உயர்தரப் புள்ளிகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து பல்கலைக்கழகத் தெரிவுக்கு எடுக்கும் புள்ளி. கலைப்பிரிவைத் தவிர்த்துப் பார்த்தால், பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும் போகின்றன. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மருத்துவத்துக்கு முல்லைத்தீவு வெட்டுப்புள்ளி வழக்கமாக யாழ்ப்பாணத்தை விடக் குறைவு. மாவட்டத்தைப் பார்ப்பது நிரந்தர வதிவிடத்தை வைத்து. ஆகவே, மகளோடு குடும்பமே பதிவை மாற்றிக்கொண்டு போக யோசித்தால் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை வரிவரியாக வாசித்த பிறகு செய்யுங்கள்.

என் முடிவைக் கேட்டால், மூன்று பாடத்துக்கும் ஆசிரியர் இருந்தால் பிள்ளை உங்களோடேயே இருக்கட்டும். பதினாறு, பதினேழு வயதில் அறை எடுத்துத் தங்கி, விடியக்காலை ரியூசனுக்கு ஓடி, கடைச் சாப்பாட்டோடு படிப்பது எல்லாப் பிள்ளைக்கும் சரிவராது. ஆசிரியர் இல்லாவிட்டால் கிளிநொச்சி நகரத்தையோ வவுனியாவையோ பாருங்கள். யாழ்ப்பாணம் அதற்குப் பிறகு.

உருத்திரபுரத்திலிருந்து ஒரு தந்தை: மகனுக்குக் கணிதம் சரிவரவில்லை. இனிப் படிப்பு வேண்டாம், மேசன் வேலைக்குப் போகிறேன் என்கிறான்.

போகட்டும் என்று விட்டுவிடாதீர்கள். 2017 முதல் 13 வருடக் கல்வித் திட்டத்தின் கீழ் சில பாடசாலைகளில் தொழிற்பாடத்துறை இருக்கிறது. சாதாரண தரத்தில் சித்தியில்லாவிட்டாலும் சேரலாம். எந்தப் பாடசாலையில் எந்தப் பாடம் என்று வலயக் கல்வி அலுவலகத்தில் சொல்வார்கள். கட்டட வேலைதான் விருப்பமென்றால் அதையே முறையாகப் படித்துச் சான்றிதழோடு போகலாமே.

மல்லாவியிலிருந்து ஒரு மாணவி, தரம் 10: சேர், என்னை விளையாட்டு இல்லத் தலைவியாகத் தெரிவு செய்திருக்கிறார்கள். 1500 மீற்றரும் ஓடுவேன். விளையாட்டால் படிப்புக் கெடும் என்று அப்பா மறிக்கிறார்.

மகள், அப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டு.

எங்கள் பக்கத்தில் மாரி முடிந்து மைதானம் காய்ந்த பிறகுதான் உருப்படியாகப் பயிற்சி எடுக்கலாம். இல்ல மெய்வல்லுநர் போட்டி முடியும்வரை சில கிழமைகள்தான். அந்தக் கிழமைகளில் பிள்ளைகள் படிப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். வகுப்பில் வாய் திறக்காத ஒரு பிள்ளை, அணிநடையில் முன்னுக்கு நின்று நாற்பது பேருக்குக் கட்டளை கொடுப்பாள். கடைசி வாங்கில் இருக்கும் பையன்கள் காட்டுத்தடி வெட்டி, தென்னோலை பின்னி, கிடுகு கட்டி இல்லத்தை அலங்கரிப்பார்கள். சுண்ணாம்புத் தூளால் ஓடுபாதைக் கோடு போடும்போது வளைவுக்கு ஆரை எவ்வளவு, வெளிப்பாதைக்காரரை எவ்வளவு முன்னுக்கு நிறுத்துவது என்று கணக்குப் பார்ப்பார்கள். வட்டப் பரிதியை நான் கரும்பலகையில் படிப்பித்ததைவிட அங்கே அவர்களுக்கு நன்றாக விளங்கியது.

ஓட்டம் வயதோடு முடிவதுமில்லை. முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 2023 இல், தனது 72 வயதில், பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் வென்றார். உன்னுடைய தூரமும் அதுதானே!

அப்பாவின் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒன்றரைக்குப் பள்ளி விட்டபின் பயிற்சி நீண்டால் வீடு திரும்ப பஸ் இராது. சில வீதிகளில் பின்னேரம் யானையும் வரும். ஆகவே பயிற்சியை நாலு மணிக்குள் முடிக்கும்படியும், ஒரே பாதையால் போகும் பிள்ளைகளைச் சேர்த்து அனுப்பும்படியும் அப்பாவே பொறுப்பாசிரியரிடம் கேட்கட்டும். நியாயமான கோரிக்கை, மறுக்கமாட்டார்கள்.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தாய்: பள்ளியில் நவராத்திரி வாணி விழாவுக்கும் நத்தார் ஒளி விழாவுக்கும் காசு கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?

கட்டாயமில்லை. கடலையோ அவலோ தேங்காயோ கொடுத்தால் போதும். காசு இல்லை என்பதற்காகப் பிள்ளையை மேடையில் ஏற்றாமல் விட்டால், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

ரொறன்ரோவிலிருந்து ஒரு பழைய மாணவர்: நாங்கள் படித்த பள்ளிக்கு ஏதாவது செய்ய விருப்பம். நுழைவாயில் வளைவு கட்டலாமா?

தம்பி, வளைவு பிறகு கட்டலாம். தூரத்திலிருந்து வரும் உயர்தரப் பிள்ளைகளுக்குச் சைக்கிள், ஆய்வுகூடத்துக்கு இரசாயனப் பொருள், மைதானத்துக்கு நீர்க்குழாய், இவை பற்றி முதலில் அதிபரோடு கதையுங்கள்.

இன்னொன்று உங்களால் மட்டுமே முடியும். 1996 இல் போரால் கிளிநொச்சி மக்கள் இடம்பெயர்ந்தபோது பள்ளிகள் ஸ்கந்தபுரம், அக்கராயன் பக்கம் மரங்களுக்குக் கீழும் கொட்டில்களிலும் நடந்தன. 2009 இல் இடம்பெயர்ந்தோருக்கான செட்டிகுளம் முகாம்களுக்குள்ளேயே பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். இந்த ஓட்டங்களில் பல பாடசாலைகளின் சேர்வு இடாப்பும் (மாணவர் சேர்ந்த பதிவேடு) சம்பவத் திரட்டுப் புத்தகமும் (பள்ளி நிகழ்வுகளின் பதிவேடு) அழிந்துபோயின. யார் அதிபராக இருந்தார், எந்த இல்லம் எந்த வருடம் வென்றது என்று சொல்ல இன்று ஒரு தாள்கூட இல்லாத பள்ளிகள் இருக்கின்றன. உங்களிடமும் உங்கள் வகுப்பாரிடமும் உள்ள தேர்ச்சி அறிக்கை, பரிசளிப்பு விழா அழைப்பிதழ், குழுப்படம் எல்லாவற்றையும் பிரதியெடுத்து அதிபருக்கு அனுப்புங்கள். படத்தின் பின்பக்கத்தில் வருடம், வகுப்பு, இடமிருந்து வலமாகப் பெயர்கள் எழுத மறக்க வேண்டாம்.