மேல் ஸ்வரம் கூடுதலாகக் காட்டுகிறதே, ட்யூனிங் தவறா?

கேள்வி: எங்கள் அப்ரைட் பியானோவைப் போன மாதம்தான் ட்யூன் செய்தோம். மகளின் கிட்டார் ட்யூனர் செயலியில் பார்த்தால் நடு ஸ்வரங்கள் சரியாக இருக்கின்றன. ஆனால் கடைசி மேல் ஸ்வரம் 25 சென்ட் (அரை ஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கூடுதல், அடி ஸ்வரம் 15 சென்ட் குறைவு. செயலியைப் பார்த்து நானே திருத்தலாமா?

பதில்: தயவுசெய்து கம்பிகள் சுற்றியிருக்கும் ட்யூனிங் பின்களைத் தொடாதீர்கள். இந்த அளவுகளைப் பார்த்தால், ட்யூன் செய்தவர் வேலை தெரிந்தவர் என்றே தோன்றுகிறது.

கிட்டார் செயலி, நடு 'ஏ'வை 440 ஹெர்ட்ஸ் என்று வைத்து, ஸ்தாயிக்கு ஸ்தாயி இரண்டால் பெருக்கியும் வகுத்தும் கணக்குப் போடுகிறது. பியானோ கம்பி அந்தக் கணக்குக்கு அடங்காது. எஃகுக்கு விறைப்பு உண்டு. அதனால் கம்பியின் முதல் மேற்சுரம் (அடிப்படை ஒலியோடு சேர்ந்தே மெல்லக் கேட்கும் உயர் ஒலி) இரண்டு மடங்கைவிடச் சற்று ஏறியே ஒலிக்கும். மேல் ஸ்தாயிக் கம்பியை அந்த ஏற்றத்தோடு பொருத்தினால்தான் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். இல்லையென்றால் 'வவ் வவ்' என்று விம்மல் கேட்கும். இப்படி ஒவ்வொரு ஸ்தாயியிலும் சேர்ந்துகொண்டே போனதுதான் உங்கள் 25 சென்ட். அடியில் குறைவதும் இதே காரணத்தால்தான். ரெயில்ஸ்பேக் என்பவர் 1938-லேயே இதை அளந்து வரைபடமாக்கினார். கம்பி குட்டையான சிறிய பியானோக்களில் இந்த நீட்சி இன்னும் அதிகம்.

சந்தேகம் இருந்தால் செயலியை மூடிவிட்டு, ஒரு ஸ்வரத்தையும் அதன் மேல் ஸ்தாயியையும் சேர்த்து அழுத்திக் கேளுங்கள். விம்மல் இல்லையென்றால் ட்யூனிங் சரி.

ட்யூன்லேப், வெரிட்யூனர் போன்ற பியானோவுக்கென்றே உள்ள மென்பொருள்கள் வேறு வகை. உங்கள் பியானோவின் மேற்சுரங்களையே அளந்து நீட்சியைக் கணிக்கும். நானும் பயன்படுத்துகிறேன், ஒரு ஸ்வரத்தின் முதல் கம்பிக்கு மட்டும். பெரும்பாலான ஸ்வரங்களுக்கு மூன்று கம்பிகள். மற்ற இரண்டையும் ஃபெல்ட் வைத்து அடக்கி, பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து காதால்தான் சேர்ப்பேன். ஒரு சென்ட் விலகல் நடு 'ஏ'யில் நான்கு வினாடிக்கு ஒரு விம்மல்தான். கடைசி 'சி'யிலோ வினாடிக்கு இரண்டுக்கும் மேல்!

இன்னொன்று: பின்னைத் திருப்பும் லீவரைச் சுழற்றும்போது, அந்தப் பின் மரத்துக்குள் நகராமல் வெறுமனே முறுக்கிக்கொண்டு நிற்கலாம். செயலியின் முள் சரி என்று காட்டும். நாலு முறை ஓங்கி வாசித்தால் சுருதி பழையபடி இறங்கிவிடும். அந்தக் கைப்பழக்கத்தை எந்தச் செயலியும் தராது.

உங்கள் செயலிக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது. மாதம் ஒருமுறை நடு 'ஏ'வை அளந்து ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள். மழைக்காலத்தில் ஈரம் குடித்துச் சவுண்ட்போர்டு (கம்பிகளின் ஒலியைப் பெருக்கும் மரப்பலகை) உப்பும், நடு ஸ்வரங்கள் ஏறும், காய்ந்ததும் இறங்கும். அதைத் துரத்தித் திருத்த வேண்டாம். ஏசி காற்று நேராகப் படாத, வெளிச்சுவரை ஒட்டாத இடத்தில் பியானோவை வையுங்கள். மழை ஓய்ந்து சில வாரம் கழித்தும் 'ஏ' பத்து சென்ட் விலகியே நின்றால், ட்யூன் செய்தவரையே திரும்ப அழையுங்கள். அந்த நோட்டையும் காட்டுங்கள்.