மூக்கும் முழியும் எழுதினால் முகம் வந்துவிடுமா?

கேள்வி: சிறுகதை எழுதிப் பழகுகிறேன். கதாநாயகியை ‘வட்ட முகம், கூரான மூக்கு, மாநிறம், சுருட்டை முடி, ஐந்தடி உயரம்’ என்று விவரமாகத்தான் எழுதினேன். படித்த தோழி, ‘ஆள் கண்ணுக்குள் வரவே இல்லை’ என்கிறாள். இன்னும் விரிவாக எழுத வேண்டுமா?

பதில்: வேண்டாம், குறைக்க வேண்டும். நேரில் பார்க்கும்போது ஒருவருடைய முகம் மொத்தமாக ஒரே நொடியில் கண்ணில் படுகிறது. எழுத்தில் ஒரு சொல்லுக்குப் பின்னால்தான் இன்னொரு சொல் வரும். மூக்கைத் தாண்டி முடிக்கு வருவதற்குள் முகத்தின் வடிவம் மறந்துபோகிறது. அதோடு, நீங்கள் எழுதிய ஐந்தும் ஆயிரம் பேருக்குப் பொருந்தும்.

முதலில் மொத்த உருவத்தை ஒரே சொல்லில் கொடுங்கள். தமிழில் இதற்கென்றே அருமையான சொற்கள் இருக்கின்றன: ஒடிசல், வாட்டசாட்டம், பூசினாற்போன்ற உடம்பு. ‘ஒடிசலாக, நெடுநெடுவென்று இருந்தான்’ என்றால் அடி, அங்குலக் கணக்கே தேவையில்லை.

அப்புறம் அவரிடம் மட்டும் தெரிகிற ஒரே ஓர் அடையாளம். அதைச் சும்மா நிற்க விடாமல் எதையாவது செய்ய வையுங்கள். ‘அவளுக்குத் தெற்றுப்பல்’ என்பது வெறும் தகவல். ‘சிரிப்பு வந்தால் மேலுதட்டை இழுத்துத் தெற்றுப்பல்லை மூடிக்கொள்வாள்’ என்று எழுதினால் பல்லும் தெரிகிறது, அந்தப் பெண்ணின் கூச்சமும் தெரிகிறது.

தலைமுடி தொடங்கிப் பாதம் வரை வரிசையாகப் பாடும் கேசாதிபாத மரபு நமக்கு உண்டே என்று கேட்கலாம். சங்கப் பாட்டான பொருநராற்றுப்படையில், பாடினி என்ற பாட்டுக்காரப் பெண்ணின் தோற்றம் அப்படித்தான் வருகிறது. பிறை போன்ற நெற்றி, வில் போன்ற புருவம் எல்லாம் வேறு பாட்டுகளிலும் பார்த்தவைதான். பாதத்துக்கு வரும்போது, களைத்த நாயின் நாக்கைப் போன்றது என்கிறார் புலவர். பரல்கற்களில் நடந்து நடந்து கொப்புளம் கண்ட பாதம் அது. ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பிழைப்பவளின் வாழ்க்கையே அந்த உவமையில் இருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனத்தில் நிற்பது அந்தப் பாதம்தான். நீங்களும் உவமையை நிலவிலும் தாமரையிலும் தேடாமல், அந்த ஆள் புழங்கும் இடத்தில் தேடுங்கள்.

நிறத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ‘கறுப்பாக இருந்தாலும் களையான முகம்’ என்று பலரும் யோசிக்காமல் எழுதிவிடுகிறார்கள். அந்த ‘இருந்தாலும்’ கறுப்பை ஒரு குறையாக ஆக்கிவிடுகிறது. படிப்பவர்களில் அதே நிறத்துக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது வலிக்கும். ‘கறுத்த, களையான முகம்’ என்றாலே போதுமே. கதையில் ஒருவர் நிறத்தைக் குறையாக நினைக்கிறார் என்றால் அதை அவர் வாயால் சொல்ல வையுங்கள், கதை சொல்பவரின் குரலில் வேண்டாம்.

எந்த அடையாளமானாலும் ஆள் அறிமுகமாகும்போதே சொல்லிவிடுங்கள். வாசகர் காத்திருக்க மாட்டார், தானே ஓர் உருவத்தைக் கற்பனை செய்துகொள்வார். பத்தாம் பக்கத்தில் போய்த் தாடியைச் சொன்னால் அது ஒட்டாது.

சரி, உங்கள் கதாநாயகிக்கு வருவோம். சுருட்டை முடியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் எடுத்துவிடுங்கள். அவசரமாகக் கிளம்பும்போது சீப்பு பாதியில் சிக்கி நிற்கட்டும், அவள் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு விரல்களாலேயே கோதி முடியட்டும். எழுதியதை அதே தோழியிடம் கொடுத்து, ஆள் எப்படி இருப்பாள் என்று கேளுங்கள். நீங்கள் எழுதாத மூக்கையும் அவள் சொன்னால், சரியாக வந்திருக்கிறது.