அயடீன்-131 கப்சூல்: கேள்வி பதில்

அயடீன்-131 என்பது கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பிக்கான சிகிச்சையில் கொடுக்கும் கதிரியக்க அயடீன். கதிரியக்க மருந்து தயாரிக்கும் வெளிநாட்டு அணுமருந்தகமொன்றில் பல வருடம் அதன் கப்சூலைத் தயாரித்தேன். இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறேன். தயாரிப்பு, பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

மருந்தாளர் மாணவி, கொட்டாஞ்சேனை: அக்கா, கதிரியக்க அயடீனை எப்படிக் கப்சூலுக்குள் விடுகிறார்கள்?

ஜெலற்றின் கப்சூலில் நீரற்ற இருசோடியம் பொஸ்பேற்றுத் தூளை நிரப்பி, அடர்த்தியான சோடியம் அயடைட் கரைசலை மெல்லிய ஊசியால் தூளின் நடுவில் விடுவோம். தூள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கூடுதலாக விட்டால் ஜெலற்றின் இளகிவிடும். 150 மைக்ரோலீட்டரை நான் தாண்ட விட்டதில்லை. பிறகு பெரிய கப்சூலொன்றுக்குள் அதைப் போட்டு மூடவேண்டும். எல்லாமே கரி வடிகட்டியுள்ள பியூம் ஹுட்டுக்குள்தான், அதாவது ஆவியை உறிஞ்சி இழுக்கும் பெட்டிக்குள். கரைசல் காரமாகவே இருக்கட்டும் தங்கச்சி. அமிலம் பட்டால் அயடைட் அயடீனாக மாறி ஆவியாகிவிடும்.

தெஹிவளை: வியாழன் 100 மில்லிகியூரி (கதிரியக்க அளவு), திங்கள் எவ்வளவு?

அரைவாழ்வு, அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 8 நாள். நாலு நாளில் ஏறக்குறைய 71.

பம்பலப்பிட்டி: அம்மாவுக்கு 100 மில்லிகியூரி போதுமா?

அதை அவரைப் பார்க்கும் வைத்தியர்தான் சொல்லவேண்டும்.

மருத்துவ ஆய்வுகூட உத்தியோகத்தர்: என்னென்ன சோதிக்கவேண்டும்?

முதலில் டோஸ் கலிபிரேட்டர், அதாவது கதிரியக்க அளவை அளக்கும் கருவி. ஊசியை அளந்துவிட்டோம் என்று நின்றுவிடாதீர்கள், கப்சூலையே அளந்து பாருங்கள். குறித்த அளவிலிருந்து 10 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். அடுத்து காகித நிறப்பகுப்பு, அதாவது காகிதத்தில் ஊறவைத்துச் சேர்மங்களைப் பிரித்துப் பார்ப்பது: கதிரியக்கத்தில் 95 சதவீதமாவது அயடைட்டாக இருக்கவேண்டும். அயடேற்று என்ற வேறு சேர்மமாக மாறியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். பலர் அலட்சியம் செய்வது கரைதல் சோதனையை. 37 பாகை நீரில் கப்சூல் கரையாவிட்டால் வயிற்றிலும் அப்படியே ஒட்டிக்கொண்டு, அந்த ஒரே இடத்துக்குக் கதிர் கொடுக்கும்.

தெஹிவளை: அக்கா, இவ்வளவு சிரமம் எதற்கு? திரவமாகவே கொடுத்தால் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம்.

சரி, விழுங்க முடியாதவர்களுக்குத் திரவம்தான் தேவை. மற்றவர்களுக்கு வேண்டாம் என்பேன். திரவப் போத்தலைத் திறக்கும் நொடியில் மேலே தேங்கிய ஆவி வெளியே வரும். நான் பயிற்சியில் இருந்தபோது, அவசரம் என்று ஒரு போத்தலை ஹுட்டுக்கு வெளியே திறந்தார்கள். உள்ளே போகும் அயடீன் தைரொயிட்டில்தான் சேரும். மறுநாள் கழுத்தை அளந்தபோது என் தைரொயிட்டிலும் அயடீன் இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் அது அங்கே இருந்திருக்கவே கூடாது.

தாதி, மருதானை: கப்சூல் போத்தலிலும் ஆவி இருக்குமே?

இருக்கும், குறைவாக. நல்ல கேள்வி. அதனால்தான் அதையும் முதல் தடவை ஹுட்டுக்குள் திறக்கச் சொல்கிறேன். தெஹிவளைத் தம்பி, திரவம் சிந்தினால் தரையைத் துடைக்கவேண்டும், உடுப்பை மாற்றவேண்டும், எல்லோருடைய கழுத்தையும் அளக்கவேண்டும். கப்சூல் விழுந்தால் நீளமான இடுக்கியால் எடுத்துவிடலாம். அளவுச் சௌகரியத்துக்காக வேலை செய்பவரின் கழுத்தைப் பணயம் வைக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

வத்தளை: சிகிச்சைக்குப் பிறகு பிள்ளையைத் தூக்கலாமா?

மருந்து எடுத்தவரிடமிருந்து கதிர் வரும், அதனால் கொடுத்த அளவைப் பொறுத்து வைத்தியசாலை நாள்கணக்கு எழுதித் தரும். அதை அப்படியே பின்பற்றுங்கள். பாலூட்டும் தாயாக இருந்தால் சிகிச்சைக்கு முன்பே நிறுத்தவேண்டும். இந்தப் பிள்ளைக்குத் திரும்பப் பால் கொடுக்கக்கூடாது. கர்ப்பமாக இருந்தால் இந்தச் சிகிச்சையே இல்லை.

கல்கிசை: பேரனை எத்தனை நாளில் தூக்கலாம்?

மேலே வத்தளைக்குச் சொன்னதுதான்.

நாரஹேன்பிட்டி: குழந்தையோடு ஒரே கட்டிலில்...

இது மூன்றாவது தடவை. எழுதித் தந்த தாளைப் பாருங்கள், அதில் இல்லையென்றால் வைத்தியசாலைக்கே அழையுங்கள்.

கொட்டாஞ்சேனை: அக்கா, வெறும் போத்தலை எப்போது எறியலாம்?

ஈயக் கூட்டில் 10 அரைவாழ்வு, அதாவது 80 நாள் வையுங்கள். பிறகு அளந்து, சாதாரண பின்னணி அளவுதான் என்றால், கதிரியக்கக் குறியைக் கிழித்துவிட்டு எறியுங்கள். மூடியைத் திறந்து பார்க்கத் தேவையில்லை. திறக்கத்தான் வேண்டுமென்றால், ஹுட்டுக்குள்.