மென்-1 உள்ள குடும்பத்தில் வருடாவருடம் எந்த ரத்தப் பரிசோதனைகள் செய்ய வேண்டும்? குரோமோகிரானின் ஏ அவசியமா?

நான் டாக்டர் இல்லை. மன்னார்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம். அப்பாவுக்கு மென்-1. கழுத்தில் உள்ள பாராதைராய்டு, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி, வயிற்றில் உள்ள கணையம் என்று ஹார்மோன் சுரப்பிகளில் கட்டி வரும் பரம்பரை நோய் அது. எனக்கும் அதே மரபணு மாற்றம் இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு இது கல்லடைப்பு வேஷத்தில்தான் வந்தது. அப்பாவுக்கு மூன்று முறை. போர் தண்ணீரில் உப்பு என்றார்கள். வாழைத்தண்டுச் சாறு தினமும் ஓடியது. மூன்றாம் முறை பார்த்த டாக்டர்தான் ரத்தத்தில் கால்சியம் பார்க்க எழுதிக் கொடுத்தார். 11.6 mg/dL வந்தது. 10.5-ஐத் தாண்டினாலே யோசிக்க வேண்டுமாம். கழுத்தில் நெல்மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. அவை பெருத்து பிடிஎச் என்ற ஹார்மோனை அதிகம் சுரந்தால் எலும்பின் கால்சியம் ரத்தத்தில் ஏறி, சிறுநீரகத்தில் கல்லாகப் படியும். மென்-1 உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், 50 வயதுக்குள் இது வந்துவிடுகிறது. அதனால் கால்சியத்தையும் பிடிஎச்சையும் எந்த வருடமும் விடாதீர்கள். கால்சியத்தோடு அல்புமின் என்ற ரத்தப் புரதமும், பிடிஎச்சோடு வைட்டமின் டி-யும் பார்க்கச் சொல்லுங்கள். டி குறைந்தாலே பிடிஎச் ஏறிக் காட்டும்.

மற்றவை: பிட்யூட்டரிக்காக புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), ஐஜிஎஃப்-1 (வளர்ச்சி ஹார்மோன் கூடுதலா என்று காட்டுவது), கணையத்துக்காக வெறும் வயிற்றுச் சர்க்கரை, இன்சுலின், காஸ்ட்ரின் (வயிற்றில் அமிலம் சுரக்க வைக்கும் ஹார்மோன்).

குரோமோகிரானின் ஏ-க்கு வருகிறேன். இந்த மாதிரிக் கட்டிகள் ரத்தத்தில் விடும் ஒரு புரதம் அது. போன வருடம் நானே ஆர்வக்கோளாறில் கேட்டு எடுத்தேன். இயல்பைவிடப் பல மடங்கு. புரோலாக்டினும் கூடுதல், காஸ்ட்ரினும் கூடுதல். அம்மா வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டார். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றார். "ஒண்ணும் இல்ல சார்" என்றேன். வாசலில் வந்த பிறகுதான் தினமும் காப்பிக்கு முன்னால் போடும் கேஸ் மாத்திரை நினைவுக்கு வந்து, திரும்பி ஓடினேன். நம் ஊரில் அதை யார் மாத்திரைக் கணக்கில் சேர்க்கிறார்கள்?

அந்த ஒரே கேப்சூலில் பான்டோபிரசோல், டோம்பெரிடோன் இரண்டும் இருந்தன. முன்னது அமிலத்தைக் குறைப்பதால் காஸ்ட்ரின் ஏறும், கூடவே குரோமோகிரானினும் ஏறும். பின்னது புரோலாக்டினை ஏற்றும். டாக்டர் சொன்னபடி இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தோம். மூன்றும் இயல்புக்கு வந்தன.

ஆனால் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். காஸ்ட்ரின் சுரக்கும் கட்டி உண்மையிலேயே இருந்தால், மாத்திரையைத் திடீரென விட்டதும் அல்சர் வெடித்து ரத்தம் கசியலாம். எப்போது, எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

என்னைக் கேட்டால் குரோமோகிரானின் ஏ-க்குக் கொடுக்கும் பணத்தை ஸ்கேனுக்கு வையுங்கள். சிறுநீரகம் பழுதானாலும் அது ஏறும். சிறிய கணையக் கட்டி இருந்தும் ஏறாமல் போகும். ஹார்மோன் எதுவும் சுரக்காத கட்டி, ரத்தத்தில் பிடிபடாமல் எம்ஆர்ஐயில்தான் தெரியும்.

இன்னொன்று. குடும்பத்தில் எல்லோரும் வருடாவருடம் ஊசி குத்திக்கொள்ள வேண்டியதில்லை. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்புதான். என் தங்கைக்கு அந்த மாற்றம் இல்லை என்று தெரிந்ததும் அவளை இந்தக் கணக்கிலிருந்தே டாக்டர் எடுத்துவிட்டார். அவளுக்கும் போன மாதம் கல்லடைப்பு வந்தது, அது வேறு கதை. அவளுக்குக் கால்சியம் 9.4. அது நிஜமாகவே தண்ணீர் சரியாகக் குடிக்காததால் வந்தது.