அமெரிக்க நகரங்களில் கட்டுமான கான்ட்ராக்டில் சிறுபான்மையினருக்கும் பெண்களுக்கும் பங்கு ஒதுக்குகிறார்களாமே, அது நம்மூர் இட ஒதுக்கீடு மாதிரிதானா? அதனால் பலன் உண்டா?

என் அப்பா தென்காசிப் பக்கம் பொதுப்பணித் துறையில் சின்னக் கான்ட்ராக்டராக இருந்தவர். வாய்க்கால் கரை, பள்ளிக்கூடக் காம்பவுண்டு சுவர், இப்படியான வேலைகள். சிகாகோவில் ஒரு பெண் நடத்தும் எலெக்ட்ரிகல் கம்பெனியில் எஸ்டிமேட் போடுகிறேன் என்று நான் சொன்னபோது அவரும் இதையேதான் கேட்டார்: “அங்கேயும் கோட்டா உண்டாம்மா?”

கோட்டா என்று சொன்னால் தப்பான படம் மனதில் விழுந்துவிடும். நம்மூரில் 100 இடம் இருந்தால் இத்தனை இடம் இன்னாருக்கு என்று எடுத்து வைக்கிறார்கள். இங்கே நகரம் பெரும்பாலும் வேலையை எடுத்து வைப்பதில்லை. டெண்டர் எல்லோருக்கும் பொது. ஆனால் டெண்டரை எடுக்கும் மெயின் கான்ட்ராக்டர், மொத்தத் தொகையில் இத்தனை சதவீதத்தைச் சிறுபான்மையினர் அல்லது பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்குச் சப் கான்ட்ராக்டாகக் கொடுக்க முயல வேண்டும். சதவீதம் ஓர் இலக்கு. எட்ட முடியவில்லை என்றால், உண்மையாகவே முயன்றேன் என்று ஆதாரம் காட்டித் தப்பிக்கலாம். அந்த ‘முயற்சி’ எந்த லட்சணத்தில் இருக்கும் என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அட்லாண்டாவில் தொடங்க வேண்டும். 1973-ல் மேனார்ட் ஜாக்சன் அந்த நகரத்தின் முதல் கறுப்பின மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நகரத்தில் பாதிப் பேர் கறுப்பினத்தவர். நகரம் கொடுத்த கான்ட்ராக்டுகளில் அவர்களுக்குப் போனது 1 சதவீதம்கூட இல்லை. அந்த நேரத்தில் புது விமான நிலைய முனையம் கட்ட வேண்டியிருந்தது. ஏறக்குறைய 50 கோடி டாலர் வேலை. சிறுபான்மையினருக்கு 25 சதவீதப் பங்கு இல்லாமல் வேலை தொடங்காது என்று ஜாக்சன் நின்றுகொண்டார். பெரிய கம்பெனிகள், வங்கிகள், பத்திரிகைகள் எல்லாம் எதிர்த்தன. மனிதர் அசையவில்லை. 1980 செப்டம்பரில் முனையம் திறந்தது, சொன்ன தேதிக்கு, சொன்ன செலவுக்குள். அப்பாவிடம் கொத்துப் பூச்சு வேலை கற்றுக்கொண்டு வளர்ந்த ஹெர்மன் ரஸ்ஸல் என்பவரின் கம்பெனிக்கும் அதில் பங்கு இருந்தது. பின்னாளில் 1996 ஒலிம்பிக் மைதானத்தைக் கட்டிய கூட்டணியிலும் அந்தக் கம்பெனி இருந்தது. பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். இப்போது அந்த விமான நிலையத்தின் பெயரிலேயே ஜாக்சன் இருக்கிறார்.

அட்லாண்டாவைப் பார்த்துப் பல நகரங்கள் கிளம்பின. வர்ஜீனியாவில் உள்ள ரிச்மண்ட் 1983-ல் 30 சதவீதம் என்று சட்டம் போட்டது. அங்கேயும் மக்கள்தொகையில் பாதி கறுப்பினத்தவர். முந்தைய ஐந்தாண்டுகளில் நேரடிக் கட்டுமான கான்ட்ராக்டில் சிறுபான்மை நிறுவனங்களுக்குப் போனது 0.67 சதவீதம். அந்தச் சட்டத்தைக் கவிழ்த்தது ஒரு கக்கூஸ். கிண்டல் இல்லை, நிஜம். நகரச் சிறைச்சாலைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கழிப்பறைக் கோப்பைகள் மாட்டும் வேலை. டெண்டர் போட்டது ஒரே கம்பெனி, ஒஹையோவைச் சேர்ந்த குரோசன். வேலையின் மதிப்பில் முக்கால்வாசி அந்தக் கோப்பைகள்தான் என்பதால், அவற்றைச் சிறுபான்மை நிறுவனம் ஒன்றிடம் வாங்கினால் 30 சதவீதக் கணக்கு முடிந்துவிடும். அப்படி ஒரு நிறுவனம் விலை கொடுத்தது. ஆனால் குரோசன் டெண்டரில் போட்டிருந்ததைவிட அது 6,183 டாலர் 29 சென்ட் அதிகம். விதிவிலக்கு கேட்டார்கள், நகரம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1989 ஜனவரியில் 6-க்கு 3 என்ற கணக்கில் ரிச்மண்ட் தோற்றது.

தீர்ப்பில் ஓர் இடம் எனக்கு மறக்காது. ரிச்மண்டின் பட்டியலில் எஸ்கிமோக்களும் அலூட்களும் இருந்தார்கள். அலாஸ்கா மக்கள். ரிச்மண்டில் ஒரு எஸ்கிமோவாவது என்றைக்காவது குடியிருந்தாரா, அவருக்கு அநீதி நடந்ததா என்று நீதிபதி ஓ’கானர் கேட்டுவிட்டார். வேறு எங்கோ எழுதிய பட்டியலை அப்படியே எடுத்து ஒட்டினால் வரும் வினை. அதன் பிறகு, இந்த ஊரில், இந்தத் தொழிலில், இன்னாருக்குப் பாகுபாடு நடந்தது என்று புள்ளிவிவரத்தோடு ஆய்வு செய்து காட்டினால்தான் இனம் சார்ந்த இலக்கு நிற்கும் என்றாகிவிட்டது. இந்த ஆய்வு செய்து கொடுப்பதே இன்று தனித் தொழில். இதில் ஒரு வேடிக்கை: இனம் சார்ந்த சலுகைக்குத்தான் நீதிமன்றம் வைக்கும் மிகக் கடுமையான சோதனை, பெண்களுக்கான சலுகைக்குச் சற்றுத் தளர்வான சோதனை. அடிமைத்தனம் ஒழிந்த கையோடு கறுப்பின மக்களை மனதில் வைத்து 1868-ல் கொண்டுவந்த, எல்லோருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பு என்ற அரசியல் சட்டத் திருத்தத்தின் கீழ், அவர்களுக்கு உதவுவதுதான் கூடுதல் கஷ்டம்.

சரி, எங்கள் ஊருக்கு வருவோம். சிகாகோவில் மேயர் ஹெரால்ட் வாஷிங்டன் 1985-ல் போட்ட உத்தரவு: சிறுபான்மையினருக்கு 25 சதவீதம், பெண்களுக்கு 5 சதவீதம். 1990-ல் அது நகரச் சட்டமானது. 2003-ல் ஒரு நீதிபதி கட்டுமானப் பகுதியைச் செல்லாது என்றார். நகரம் திருத்தி எழுதியது. நீதிமன்றக் கதை போதும்.

பினாமி இல்லையா என்று நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன், உண்டு. பஞ்சாயத்துத் தலைவி பெயரில் கணவர் கையெழுத்துப் போடும் கதைதான். சிகாகோவில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. கட்டுமானம் அல்ல, துப்புரவு கான்ட்ராக்ட். கம்பெனி காகிதத்தில் அம்மா பெயரில், நடத்தியதெல்லாம் மகன். 10 கோடி டாலர் அளவுக்கு வேலை வாங்கினார்கள். 2005-ல் மகன் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். இன்னொரு வகை, சும்மா பில் மட்டும் கை மாறுவது. சரக்கு தொழிற்சாலையிலிருந்து நேராக வேலையிடத்துக்கு வரும். நடுவில் ஒரு பெண்ணின் கம்பெனி பெயரில் ஒரு பில் அடித்து, 3 சதவீதம் வைத்துக்கொள்ளும். ஃபெடரல் (மத்திய அரசு) விதியில் இதற்காகவே கணக்கு வைத்திருக்கிறார்கள்: உற்பத்தி செய்பவரிடம் வாங்கினால் முழுத் தொகையும் இலக்கில் சேரும், கடை வைத்து விற்பவரிடம் வாங்கினால் 60 சதவீதம், வெறும் தரகர் என்றால் தரகுத் தொகை மட்டும்.

பெண் அல்லது சிறுபான்மையினர் நடத்தும் நிறுவனம் என்று சான்றிதழ் கொடுக்கும் முன் ஆள் அனுப்பியும் பார்ப்பார்கள். 51 சதவீதப் பங்கு இருந்தால் போதாது, கடிவாளமும் அவர் கையில்தான் இருக்க வேண்டும். எங்கள் கம்பெனிக்கு வந்த அதிகாரி முதலாளியம்மாவின் மேஜையில் ஒரு பள்ளிக்கூட வரைபடத்தை விரித்து, “இந்த மாடிக்கு எத்தனை ஆள் போடுவீர்கள்?” என்று கேட்டார். முதலாளியம்மா படத்தைப் பார்ப்பதற்கு முன்பே, “ஜனவரியிலா, ஜூனிலா?” என்றார். கட்டடத்துக்கு ஜன்னல் மாட்டியிருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து சிகாகோ குளிரில் ஆள் கணக்கே மாறும். வந்தவர் சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போனார். பினாமியாக உட்கார்ந்திருப்பவருக்கு இந்த பதில் வாயில் வராது.

இப்போது அந்த ‘முயற்சி’. டெண்டருக்கு இரண்டு நாள் முன்னால் சாயங்காலம் ஓர் ஈமெயில் வரும். 200 பேருக்கு ஒரே நேரத்தில் போனது. 400 பக்க வரைபடத்துக்கு ஒரு லிங்க், “உங்கள் விலையை எதிர்பார்க்கிறோம்” என்று ஒரு வரி. பதில் போட முடியாது என்று அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அந்த ஈமெயில்தான் நாளைக்கு ஃபைலில் ஆதாரமாக உட்காரும். ஒழுங்கான கான்ட்ராக்டர்களும் இருக்கிறார்கள். மூன்று வாரம் முன்பே கூப்பிட்டு எந்தப் பகுதி எங்களுக்குத் தோதுப்படும் என்று கேட்பார்கள். யார் எப்படி என்று ஒரு வருடத்தில் பிடிபட்டுவிடும்.

ஒருமுறை ஒரு நகர வேலையில் மெயின் கான்ட்ராக்டர் எங்கள் பெயரைப் போட்டு டெண்டரை எடுத்தார். பெயரை மாற்ற நகரத்தின் அனுமதி வேண்டும் என்பதால் பெயர் நின்றது, வேலைதான் சுருங்கியது. வெளி விளக்குகள் வேறொருவருக்குப் போயின, ஃபயர் அலாரம் “அடுத்த கட்டத்தில் பார்ப்போம்” ஆனது. கடைசியில் கையில் வந்தது சொன்னதில் பாதி. புகார் கொடுக்கலாமே என்றேன். “அடுத்த டெண்டருக்கும் அவர்தானே கூப்பிடணும்” என்றார் முதலாளியம்மா.

இவ்வளவையும் அப்பாவிடம் போனில் சொன்னபோது அவர் சதவீதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “பில் எத்தனை நாளில் பாஸ் ஆகுது?” என்று மட்டும் கேட்டார்.

என்னைக் கேட்டால் விஷயமே அங்கேதான். எங்கள் ஆட்களுக்கு ஒவ்வொரு வாரமும் சம்பளம் போயாக வேண்டும். யூனியன் கூலி, சலுகைகள் எல்லாம் சேர்த்து ஓர் எலெக்ட்ரீஷியனுக்கு வாரம் 4,000 டாலர் பக்கம் ஆகும். ஆறு பேர் என்றால் 24,000. நாங்கள் மாதக் கடைசியில் பில் போட்டு, மெயின் கான்ட்ராக்டர் அதைத் தன் பில்லோடு சேர்த்து நகரத்துக்கு அனுப்பி, அங்கே நாலு மேஜை தாண்டிப் பணம் அவருக்கு வந்து, அங்கிருந்து எங்களுக்கு வர 70 நாள் ஆவது சாதாரணம். 10 வாரம் என்று வையுங்கள்: 2,40,000 டாலர் எங்கள் பணம் வெளியே நிற்கிறது, வயர், பைப் விலை சேர்க்காமலே. இதுபோக ஒவ்வொரு பில்லிலும் 5 அல்லது 10 சதவீதம் பிடித்தம், வேலை முழுக்க முடிந்த பிறகுதான் கைக்கு வரும். பெரிய கம்பெனிக்கு இது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. சின்னக் கம்பெனிக்கு, வேலை கிடைத்ததாலேயே திவாலாகும் வழி.

அடுத்தது பாண்டு. கான்ட்ராக்டர் பாதியில் ஓடிவிட்டால் நான் முடித்துத் தருகிறேன் என்று ஒரு காப்பீட்டு நிறுவனம் தரும் உறுதி. பொது வேலைகளுக்கு மெயின் கான்ட்ராக்டர் இதைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். பெரிய வேலை செய்த அனுபவம் இருந்தால்தான் பெரிய பாண்டு. பெரிய பாண்டு இருந்தால்தான் பெரிய வேலை. முதலாளி வீட்டையும் ஈடாகக் கேட்பார்கள். “நம்ம சால்வன்சி சர்டிபிகேட் மாதிரி” என்றார் அப்பா. கான்ட்ராக்டருக்கு இவ்வளவு சொத்து இருக்கிறது என்று காட்டும் சான்றிதழ் அது. ஏறக்குறைய அதேதான். தாத்தா சொத்து இருந்தவன் மேலே போனான், இல்லாதவன் சப் கான்ட்ராக்டராகவே கிடந்தான். 25 சதவீதம் என்று எழுதிவைத்த எந்த நகரமும், பணத்தைச் சீக்கிரம் கொடுக்கவும் பாண்டுக்குக் கை கொடுக்கவும் வழி செய்யாவிட்டால், பாதிதான் வேலை செய்திருக்கிறது.

2025-ல் இன்னொரு திருப்பம். நகரம் தன் சொந்தப் பணத்தில் கட்டினால் நகரச் சட்டம்; சாலை, ரயில், விமான நிலையம் என்று ஃபெடரல் போக்குவரத்துப் பணம் வந்தால் ஃபெடரல் விதி. ஃபெடரல் விதியில் கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், நம்மைப் போன்ற துணைக்கண்ட ஆசியர் எல்லோரும் பின்தங்கியவர்கள் என்று முன்கூட்டியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1987 முதல் பெண்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். பட்டியலில் இந்தியா, இலங்கை, மாலத்தீவு எல்லாம் இருந்தன, ஆக நான் கம்பெனி தொடங்கியிருந்தால் எனக்கும் கிடைத்திருக்கும். (தென்காசியிலிருந்து எம்.எஸ். படிக்க வந்தவளுக்கும், மூன்று தலைமுறையாக இந்த ஊர் யூனியனுக்குள்ளேயே விடப்படாத குடும்பத்துக்கும் ஒரே பெட்டியா என்று எனக்கே உறுத்தியதுண்டு.) 2025 அக்டோபர் 3 முதல் அந்த முன்கூட்டிய அனுமானம் எடுக்கப்பட்டுவிட்டது. ஏற்கெனவே சான்றிதழ் வைத்திருப்பவர்கள் உட்பட, ஒவ்வொருவரும் தனக்கு என்ன நடந்தது என்று தனித்தனியாக எழுதி நிரூபிக்க வேண்டும்.

முதலாளியம்மா எழுத உட்கார்ந்தார். தட்டச்சு செய்தது நான். 1986-ல் முதல் வேன் வாங்க வங்கிக்குப் போனபோது, கணவரைக் கூட்டி வந்து கையெழுத்துப் போடச் சொன்னார்களாம். கணவர் பள்ளி ஆசிரியர். வீட்டில் பல்பு மாற்றுவதும் இவர்தான். பெண் தொழில் கடன் கேட்டால் ஆண் உறவினர் கையெழுத்தும் வேண்டும் என்ற வழக்கம் ஒழிய 1988-ல் ஒரு ஃபெடரல் சட்டம் தேவைப்பட்டது. அதையும் எழுதினோம். கடையில் ஆண்களுக்கு 30 நாள் கடன், இவருக்குக் கைக்காசு என்று இருந்ததை எழுதினோம். எந்தத் தேதி, யார் சொன்னது, எவ்வளவு நஷ்டம் என்று விவரம் வேண்டும் என்றது படிவம். “அப்போ ரசீது குடுத்தா பண்ணினாங்க?” என்றார். நான்கு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறோம்.

போன வருடம் முடித்த ஒரு வேலையின் பிடித்தப் பணம் இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா முதலில் கேட்பது அதைத்தான்.