குடல் நுண்ணுயிர் ஆராய்ச்சிக்கு மகளை அனுப்பலாமா?

கேள்வி: என் மகள் நாகர்கோவிலில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் இறுதியாண்டு படிக்கிறாள். குடல் நுண்ணுயிர்களுக்கும் நோய்களுக்கும் உள்ள தொடர்பை ஆராயப் போவதாகச் சொல்கிறாள். பி.எட். முடித்து ஆசிரியர் வேலைக்குப் போ என்கிறோம் நாங்கள். இந்தத் துறைக்கு எதிர்காலம் உண்டா?
– ஒரு தந்தை, மார்த்தாண்டம்

பதில்: உண்டு. ஆனால் தங்கள் மகளை அத்துறைக்கு இழுப்பது எது என்று முதலில் பாருங்கள். நீரிழிவு முதல் மனச்சோர்வு வரை எல்லாவற்றுக்கும் குடல் நுண்ணுயிர்களே காரணம் என்னும் செய்திகளைப் படித்து எழுந்த ஆசையென்றால், அது முதலாண்டிலேயே வடிந்துவிடும். நோயாளியின் குடலில் ஒரு நுண்ணுயிர் மிகுந்ததால் நோய் வந்ததா, நோயாலும் மருந்தாலும் மாறிய உணவாலும் அது மிகுந்ததா என்று பிரித்தறிவதுதான் இத்துறையின் பெரும்பாடு. ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா இரைப்பையைக் கெடுக்கும் என்று காட்ட, ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984இல் அதைத் தாமே குடித்து அழற்சியை வரவழைத்துக்கொண்டார். அவருக்கும் அவருடன் ஆராய்ந்த ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்ததோ 2005இல். அதுவாவது ஒற்றைக் கிருமி. குடலில் இருப்பவை பல நூறு இனங்கள்.

பொறுத்தவர்களுக்குப் பலன் கிடைக்கவே செய்கிறது. 2006இல் எலிகளின் உடற்பருமனில் குடல் நுண்ணுயிர்களுக்குப் பங்குண்டு என்று காட்டிய அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி கோர்டனின் குழு, பின்னர் வங்கதேச ஆய்வாளர்களுடன் சேர்ந்து டாக்காவின் ஊட்டம் குன்றிய குழந்தைகளிடம் வந்தது. கொண்டைக்கடலை, நிலக்கடலை, சோயா, வாழைக்காய் மாவு சேர்த்து, நுண்ணுயிர்களைக் கருதியே வகுத்த உணவு, கலோரி கூடுதலான வழக்கமான ஊட்ட உணவைவிட வளர்ச்சிக்கு உதவியதாக 2021இல் வெளியான முடிவுகள் காட்டின. கைக்குழந்தைக்கு ஏத்தங்காய்ப் (நேந்திரங்காய்) பொடி காய்ச்சிக் கொடுக்கும் நம் பக்கத்துப் பெண்ணுக்கு இது அந்நியமாக இராது. (அதற்காக அந்தப் பொடியையே மருந்தென்று யாரும் விற்கப் புறப்பட வேண்டாம்.)

அன்றாட வேலையில் கவர்ச்சி குறைவு. மல மாதிரிகளை உறைநிலையில் காத்து, டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, வரிசைப்படுத்தி முடித்த பின், மாதக்கணக்கில் கணினியும் புள்ளியியலும்தான். ஆகவே வரும் விடுமுறையில் ‘ஆர்’ (R) என்னும் புள்ளியியல் மென்பொருளைக் கற்கச் சொல்லுங்கள். அதில் சலிப்புத் தட்டினால் அவரே முடிவெடுத்துவிடுவார்.

பணக்கவலைக்கு விடை, அறிவியல் படித்தவர்களுக்கான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட். அதன் வழியே ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உண்டு. ஆராய்ச்சிக்காக வேலூருக்கோ புனேவுக்கோ ஃபரிதாபாத்துக்கோ போக வேண்டியிருக்கும். முனைவர் பட்டத்துக்கு ஐந்தாண்டுகளாவது பிடிக்கும். கல்யாணப் பேச்சை அதற்கேற்பத் தாங்கள்தாம் தள்ளிவைக்க வேண்டும். இரண்டு முறையாவது தேர்வெழுத விடுங்கள். பி.எட். அதன் பிறகும் படிக்கலாம்.